உயிரோடிருந்த அப்பாவுக்கு ஓர் அனுதாப அட்டை

1

ஒரு நாள் காலை அலுவலகத்துக்குப் போனபோது என் மேசைமேல் கறுப்புக் கரை போட்ட உறை ஒன்று இருந்தது. உள்ளே அனுதாப அட்டை. எங்கள் பிரிவில் வேலை செய்யும் அத்தனை பேரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என்னோடு முகம் கொடுத்தே பேசாத ஒரு பொறியாளர்கூட மூன்று வரி எழுதியிருந்தார். ஜெர்மன்காரர்கள் இந்த மாதிரி விஷயங்களில் குறை வைக்க மாட்டார்கள்.

அட்டையில் இறந்துபோயிருந்தவர் என் அப்பா. அந்த நேரத்தில் அவர் கள்ளக்குறிச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, இட்லிக்குக் காரச் சட்னி வாங்கிவராத என் தங்கை வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா இறந்துவிட்டதாக அலுவலகத்தில் சொன்னவன் நான்தான். விடுமுறைக்காகப் பொய் சொல்லவில்லை, மனப்பூர்வமாக நம்பித்தான் சொன்னேன். ஆனால் அப்படி ஒரு செய்தியை எனக்கு யாருமே சொல்லவில்லை. சொல்லாத செய்தியை நான் எப்படி நம்பினேன் என்று ஊரில் இருக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே இருப்பவர்களுக்கு விளக்குவதற்குள்தான் நாக்கு தள்ளிவிட்டது.

இந்தக் குறிப்புகளை என் தங்கை வளர்மதிக்காக எழுதுகிறேன். புகழ்ந்தால் அவளுக்குப் பிடிக்காது. “வேற வேல இல்லியா ண்ணா உனுக்கு?” என்பாள். இல்லைதான். இன்று விடுமுறை நாள், இங்கே அன்றைக்குச் சத்தம் போடக் கூடாது. துணி துவைக்கிற இயந்திரத்தை ஓடவிட்டால்கூடக் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். உட்கார்ந்து எழுதுவதற்கு யார் தடை சொல்லப் போகிறார்கள்?

2

முதலில் அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கம். நான் ஜெர்மனிக்கு வந்து கொஞ்ச வருடம் ஆகியிருந்த சமயம், சித்தப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். “அம்மாவுக்கு ஒடம்பு கொஞ்சம் சொகமில்லடா சேகரு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்.”

தூரத்தில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தியை நேராகச் சொல்லும் பழக்கம் நம் பக்கத்தில் கிடையாது. வழியில் சோறு இறங்காது, எங்காவது மயங்கி விழுந்துவிடுவான், தனியாக அழுதுகொண்டு வருவான் என்கிற பயம். எல்லாம் அன்புதான். எனக்கும் இந்தப் பழக்கம் தெரியும். நானே இரண்டொரு பேருக்கு இப்படிச் சொல்லி வரவழைத்திருக்கிறேன். ஆனாலும் சித்தப்பா சொன்னதை அப்படியே நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதுதான் சரி.

விமான நிலையத்தில் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கினேன். விமானத்தில் அவளிடம் பேச வேண்டியதை எல்லாம் மனத்துக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். உப்பைக் குறைக்கச் சொல்ல வேண்டும், மாத்திரையை மறக்காமல் போடச் சொல்ல வேண்டும், பேத்தி பள்ளியில் சேர்ந்ததைச் சொல்ல வேண்டும். சென்னையில் ஊர்க்காரர் ஒருவர் காரோடு வந்திருந்தார். “அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “டீ சாப்படறீங்களா?” என்றார். விழுப்புரம் தாண்டி மறுபடி கேட்டேன். மறுபடி டீ. உளுந்தூர்பேட்டைக்குள் எனக்கு நாலு டீ ஆகியிருந்தது.

எலவனாசூர்கோட்டை அம்மா பிறந்த ஊர். எங்கள் ஊரில் எல்லோர் வாயையும் கட்டி வைத்திருந்த சித்தப்பா, மாமன்மார்களிடம் சொல்ல மறந்துவிட்டார். அவர்கள் ரோட்டோரம் ஆளுயரத்துக்கு ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். அதில் அம்மா, என் கல்யாணத்தன்று கட்டியிருந்த பச்சைப் பட்டுப்புடவையில் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. ஓட்டுநர் சட்டென்று வேகத்தைக் கூட்டினார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் பத்துப் பதினைந்து நாள் இருந்திருக்கிறாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நினைவோடு இருந்திருக்கிறாள், பேசியிருக்கிறாள், என்னைக் கேட்டிருக்கிறாள். “அவ்ளோ தூரத்துல இருக்கற புள்ள, பயந்துடுவான்” என்று எனக்குச் சொல்லவில்லை. “அவனுக்கு லீவு கெடைக்கல, போன்ல விசாரிச்சிகினே இருக்கான்” என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அன்பாக மறைத்து, நடுவில் எங்கள் கடைசிப் பேச்சை ஒன்றும் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் அதில் ஆறாத கோபம் உண்டு. யார்மேல் என்று சொல்லத் தெரியாததால் அது அப்படியே கிடக்கிறது.

3

கருமாதி முடிந்த மறுநாள் வளர்மதி என்னிடம் வந்தாள். என்னைவிட ஆறு வயது சிறியவள். அப்போது கைக்குழந்தைக்காரி.

“நானுந்தான் சேந்து மறச்சேன் ண்ணா. பெரியவங்க சொன்னாங்கன்னு வாய மூடிகினு இருந்தேன். இனிமே இல்ல. நல்லதோ கெட்டதோ, தெரிஞ்சத சொல்லுவேன். தெரியாதத தெரியலன்னு சொல்லுவேன். நான் கூப்ட்டு சொல்ற வரிக்கும் நீயா எதையும் மனசுல கட்டிக்காத.”

இவ்வளவுதான் சொன்னாள். சத்தியம், கையில் அடிப்பது எல்லாம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து இம்மி பிசகவில்லை. நல்ல மனசு இருந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். இதற்கு மனசு மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும். அந்தப் பழக்கம் அவளுக்குப் பிழைப்பிலிருந்து வந்தது.

அவளும் அவள் வீட்டுக்காரர் முருகனும் கச்சிராயபாளையத்தில் இருக்கிறார்கள். சின்ன வண்டி ஒன்று வைத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போய் பலா, புளி, சாமை என்று அந்தந்தப் பருவத்துக்கு எது கிடைக்கிறதோ வாங்கிவந்து கீழே விற்கிறார்கள். மலைத் தொழிலில் வதந்திக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளிமலைப் பாதையில் மரம் விழுந்துவிட்டது என்பார்கள். கரியாலூரில் புளி எல்லாம் முன்பே விற்றுப்போய்விட்டது என்பார்கள். கேட்டு நின்றால் அன்றைய பிழைப்பு போச்சு, கேட்காமல் போனாலும் சில நாள் போச்சு. அதனால் வளர்மதி எதைக் கேட்டாலும் ஒரு கேள்வி கேட்பாள்.

“யாரு பாத்தது?”

“சொன்னாங்க.”

“சொன்னவங்க பாத்தாங்களா?”

இந்தக் கேள்வியை ஆளை மட்டம் தட்டுவதற்காகக் கேட்க மாட்டாள். கேட்டுக்கொண்டே அவர்களுக்கு டீ ஊற்றுவாள். அதனால் யாருக்கும் கோபம் வராது. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா ஒருமுறை, ஏதோ ஓர் இலையைக் காலையில் மென்றால் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்று ஒரு காணொளி போட்டார். உடனே எல்லோரும் கும்பிடு பொம்மை போட்டார்கள். வளர்மதி மட்டும் எழுதினாள்: “சித்தப்பா, நீங்க சாப்ட்டு பாத்தீங்களா? மாத்திரைய நிறுத்திடலியே?” சித்தப்பா உடனே “சும்மா அனுப்பிச்சேம்மா” என்று பின்வாங்கிவிட்டார். அவர் உண்மையிலேயே மாத்திரையை நிறுத்தியிருந்தார் என்பதும், அவள் மறுநாளே நேரில் போய் அதை ஆரம்பிக்க வைத்தாள் என்பதும் குழுவில் யாருக்கும் தெரியாது.

ஆனால் அவளிடம் எனக்குப் பிடித்தது இந்தக் கேள்வி இல்லை. கேள்வி கேட்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பலருக்கு அது வாய்த் துடுக்கு. இவள் கேள்விக்கு முன்னால் செய்கிற காரியம்தான் பெரிது.

ஒருமுறை நான் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தார். மகன் திருப்பூரில் வேலை செய்கிறான். அங்கே ஒரு கம்பெனியில் தீப்பிடித்துவிட்டதாம், மகன் போனை எடுக்கவில்லையாம். நான் உடனே என் படிப்பைக் காட்டினேன். எந்தக் கம்பெனி, எந்த நேரம், யார் சொன்னது என்று வரிசையாகக் கேட்டேன். அந்த அம்மாவுக்கு இன்னும் நடுக்கம் கூடியது. வளர்மதி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரைச் சுவரோரம் உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருந்தாள். மூச்சு சீரானதும்தான், “அவன் கூட வேல செய்யற பையன் நெம்பரு இருக்கா அக்கா?” என்று கேட்டாள். இருந்தது. கூப்பிட்டாள். மகன் இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தீ எதுவும் இல்லை.

“நான் கேட்டதுலயும் தப்பு இல்லியே” என்றேன் பிறகு.

“தப்பு இல்ல ண்ணா. சேதி பொய்யா இருக்கலாம். பயம் நெசந்தான? மொதல்ல அதுக்குத் தண்ணி குடுக்கணும்.”

இதைச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பலாப்பழம் அறுக்கப் போய்விட்டாள். எங்கள் கம்பெனியில் ஆண்டுக்கு ஒருமுறை மன நலம், தெளிவாகச் சிந்தித்தல் என்றெல்லாம் பயிற்சி வகுப்பு நடத்துவார்கள். நல்ல வகுப்புதான், குறை சொல்லவில்லை. நான் அதில் உட்காரும்போதெல்லாம் கையெல்லாம் பலாப்பிசினோடு அவள் இதைச் சொன்னது நினைவுக்கு வரும்.

4

இப்போது அட்டைக்கு வருகிறேன்.

போன புரட்டாசிக் கடைசியில் ஒரு மதியம். வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். சித்தப்பா கூப்பிட்டார்.

“சேகரு, அப்பாவுக்கு ஒடம்பு கொஞ்சம் சொகமில்லடா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்.”

அதே குரல். அதே வார்த்தை. நான் எதுவும் கேட்கவில்லை. “சரி சித்தப்பா” என்று வைத்துவிட்டேன். காலணியைக்கூடக் கழற்றாமல் நடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி கவிதா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அழ ஆரம்பித்துவிட்டாள்.

எங்கள் மகள் நிலாவுக்குப் பதினான்கு வயது. தமிழ் புரியும், பேசும்போது ஜெர்மன் பாதி கலந்துவிடும். மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் வித்தியாசம் கேட்டால் யோசிப்பாள். ஊர் வழக்கம் எதுவும் அவளுக்கு ஒட்டவில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்பா, தாத்தா செத்துட்டாருன்னு சின்னத் தாத்தா சொன்னாரா?”

“சொல்லல.”

“அப்ப என்ன சொன்னார்?”

“உடம்பு சரியில்லன்னு சொன்னார்.”

“அப்ப தாத்தாவுக்கு உடம்பு சரியில்ல. அவ்ளோதானே?”

“உனக்கு இதெல்லாம் புரியாது” என்று எரிந்து விழுந்தேன்.

வளர்மதியைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுநாள் சந்தைக்காக மலையில் தங்கியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அங்கே பல ஊர்களில் போன் எடுக்காது. ‘நான் கூப்பிடும் வரை நீயாக எதையும் கட்டிக்கொள்ளாதே’ என்று அவள் சொன்னதும் நினைவில் இருந்தது. ஆனால் சித்தப்பாவின் அந்த ஒரு வாக்கியம் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்ட பிறகு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. என் மேலாளர் கெல்லர் அம்மையாரைக் கூப்பிட்டு, என் அப்பா இறந்துவிட்டார் என்று தெளிவான ஜெர்மனில் சொன்னேன். வந்து இத்தனை வருடத்தில் இலக்கணப் பிழை இல்லாமல் நான் சொன்ன சில வாக்கியங்களில் அது ஒன்று.

மறுநாள் மாலை விமானம். காலையில் வேலையை ஒப்படைத்துவிட்டு வரலாம் என்று அலுவலகம் போனேன். அட்டை இருந்தது. அதைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே போன் அடித்தது. வளர்மதி.

“ண்ணா, சேதி வந்து காலையிலதான் மலைய வுட்டு எறங்கனேன். இப்பதான் அப்பாவ பாத்துட்டு வெளிய வந்து நிக்கறேன். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில இருக்காரு. ஒக்காந்து இட்லி சாப்டுகினு இருக்காரு. நேத்து மரவள்ளிக் கொல்லியில மயக்கம் வந்து விழுந்துட்டாரு. காலு கையி நல்லா இருக்கு, பேச்சு நல்லா இருக்கு. ஏன் மயக்கம் வந்துச்சுன்னு தெரியல. ஸ்கேன் எடுக்கணும்னு சொல்லி இருக்காங்க. இவ்ளோதான் தெரியும்.”

“உயிரோட இருக்காரா?” என்றேன்.

“செத்துட்டாருன்னு நெனச்சிகினியா?”

“ம்.”

“சித்தப்பா அதே மாதிரி சொல்லி இருப்பாரு. இந்தத் தடவ அவரு உள்ளதத்தான் சொன்னாரு ண்ணா. பாவம், அவருக்கும் வேற மாதிரி சொல்லத் தெரியல.” நான் மூக்கை உறிஞ்சியது அவளுக்குக் கேட்டிருக்கும். “நீ அழுவு. நான் வெக்கல. லைன்லயே இருக்கேன்.”

அழுதேன். அந்த அனுதாப அட்டையால்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தாள். ஆட்டோ சத்தமும் டீக்கடைப் பேச்சும் கேட்டுக்கொண்டிருந்தன. என் அழுகை அடங்கியதும், “சட்னி இல்லன்னு உன் மச்சான போட்டு கத்தறாரு, கேக்கறியா?” என்று போனை உள்ளே எடுத்துப் போனாள். அப்பாவின் வசவு கேட்டது. அதைப் போல ஒரு சுகமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

5

செத்தவரை ஜெர்மனியில் உயிர்ப்பிப்பது லேசான காரியம் இல்லை.

கெல்லர் அம்மையாரிடம் போய், என் அப்பா உயிரோடிருக்கிறார் என்றேன். அவர் முதலில் மகிழ்ந்தார். பிறகு, “அவர் இறந்ததாக உங்களுக்கு யார் சொன்னது?” என்று கேட்டார். “யாரும் சொல்லவில்லை” என்றேன். “பின்னே எப்படி...” என்று இழுத்தார். உட்கார்ந்து அம்மாவின் கதையிலிருந்து விளக்கினேன். எங்கள் ஊரில் உடம்பு சரியில்லை என்று சொன்னால் என்ன அர்த்தம், உடம்பு உண்மையிலேயே சரியில்லை என்றால் என்ன சொல்வார்கள் என்று அவர் கேட்டார். இரண்டாவது கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை.

துக்க விடுப்பு அதற்குள் கணினியில் ஏறியிருந்தது. அதை ரத்து செய்வதற்குக் காரணம் கொடுக்க வேண்டும். இருக்கிற காரணங்களில் ‘இறந்தவர் இறக்கவில்லை’ என்று ஒன்று இல்லை. பணியாளர் பிரிவிலிருந்து, இறப்புச் சான்றிதழைத் தாமதமின்றி அனுப்பும்படி மிகுந்த அனுதாபத்தோடு எனக்கு இரண்டு நினைவூட்டல்கள் வந்தன. என்னோடு முகம் கொடுத்துப் பேசாத அந்தப் பொறியாளர் மட்டும் காப்பி இயந்திரத்தின் பக்கம் என்னைப் பார்த்து, தன் பாட்டி இறந்ததைப் பள்ளிப் பரீட்சை முடியும்வரை தன்னிடம் வீட்டில் மறைத்தார்கள் என்று சொன்னார். இன்னும் தன் அம்மாவை மன்னிக்கவில்லையாம். சொல்லிவிட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நம் ஊர்ச் சரக்கு என்று நான் நினைத்தது இங்கேயும் கிடைக்கிறது.

நிலாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பெருந்தன்மையாகத் தோளைக் குலுக்கிவிட்டு, “அத்தைக்கு மட்டும்தான் ‘தெரியல’ன்னு சொல்லத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் சொல்லவே மாட்டீங்க” என்றாள். இப்போதெல்லாம் அவளே அத்தையைக் கூப்பிட்டுப் பேசுகிறாள். பள்ளியில் ஒரு தோழியோடு மனக்கசப்பு, ஒரு பரீட்சைப் பயம், எல்லாம் அங்கே போகிறது. பாதி ஜெர்மனில் சொல்கிறாள். “பாதிதான் புரிஞ்சுது ண்ணா, ஆனா முழுசா கேட்டேன்” என்கிறாள் வளர்மதி. என்ன பேசினாள் என்று கேட்டால் எனக்குச் சொல்வதில்லை.

6

விமானச் சீட்டை ரத்து செய்யச் சொன்னதும் வளர்மதிதான். “ஸ்கேன் ரிசல்ட்டு வரட்டும். தெரியாம ஓடி வந்து இன்னா பண்ணுவ?” என்றாள். அடுத்த வாரம் கூப்பிட்டாள்.

“ண்ணா, ஒக்காந்துகினு இருக்கியா? அண்ணி பக்கத்துல இருக்காங்களா? கூப்டு.” கவிதா வந்து உட்கார்ந்தாள். “கல்லீரல்ல கட்டி. பரவிடுச்சுன்னு டாக்டரு சொல்றாரு. எடுக்க முடியாதாம். நான் ரெண்டு டாக்டர கேட்டுட்டேன், ரெண்டு பேரும் ஒண்ணாதான் சொன்னாங்க. எவ்ளோ நாளுன்னு கேட்டேன். மாசக்கணக்குதான், சரியா சொல்ல முடியாதுன்னாங்க. இப்ப வலி கம்மியா இருக்கு, நல்லா பேசறாரு. அதனால இப்ப வா. இதுதான் பேசற நேரம்.”

இதைவிடக் கெட்ட செய்தியை நான் கேட்டதில்லை. இதைவிட அன்பாக ஒரு செய்தியை யாரும் எனக்குச் சொன்னதும் இல்லை.

சிக்கல் சித்தப்பாவிடம் வந்தது. அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றார். குடும்பத்தோடு காணொளி அழைப்பில் பேசினோம். “தெரிஞ்சா மனசு வுட்டுடுவாரும்மா. அப்பறம் ஒரு வாரம் தாங்க மாட்டாரு” என்றார். அண்ணன்மேல் உயிரையே வைத்திருப்பவர். குரல் உடைந்தது.

வளர்மதி அவரை மறுத்துப் பேசவில்லை. “உங்களுக்கு எவ்ளோ கஷ்டம்னு தெரியுது சித்தப்பா” என்றாள் முதலில். அப்புறம் கேட்டாள்: “அவருக்குத் தெரியாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

சித்தப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து மரவள்ளிக் கொல்லிய பத்தி ஒரு வார்த்த கேக்கல. நாளைக்கு நாலு தடவ கேக்கற மனுஷன். நாம உள்ள போனா கண்ண மூடிகிறாரு. பயந்துகினுதான் இருக்காரு சித்தப்பா. ஒண்டியா பயந்துகினு இருக்காரு. நாம பயந்துகினு இருக்கறது அவருக்குத் தெரியக்கூடாதுன்னு நடிக்கறோம், அவரும் நமக்காக நடிக்கறாரு.”

“அப்ப இப்பவே போயி சொல்லிடுவியா?”

“இல்ல. கேக்காதவங்க மேல கொட்டக் கூடாது. அவரா கேட்டா மறைக்கக் கூடாது. யாரு கிட்ட கேக்கறாரோ அவங்க சொல்லட்டும்.”

அவர் என்னிடம்தான் கேட்பார் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

7

அப்பா இப்போதும் இருக்கிறார். நேற்றுகூடப் பேசினேன். குரல் மெலிந்துவிட்டது, வசவு மட்டும் குறையவில்லை. நான் எழுத நினைத்தது, வளர்மதி வரச் சொல்லி ஊருக்குப் போன அந்தத் திங்கட்கிழமையைத்தான்.

காலையில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்பா நடுவீட்டில் கட்டிலில் படுத்திருந்தார். வளர்மதி அடுப்படியில் இருந்தாள். அப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். இளைத்திருந்தார். முகம் மலர்ந்தது, உடனே அடங்கியது.

“இன்னாடா, திடீர்னு? பொங்கலுக்கே வராதவன்.”

“சும்மாதான்ப்பா.”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே கேவலமாக இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜெர்மனியில இருந்து நீ வந்துட்டன்னா அப்ப பெரிய சமாச்சாரந்தான்.” தலையைக் குனிந்து போர்வை நுனியை மடித்தார், பிரித்தார். “எனுக்கு இன்னாடா? நீயாவது சொல்லு.”

அடுப்படி வாசலில் வளர்மதி வந்து நின்றாள். தலையசைக்கவில்லை, கண்ணைக் காட்டவில்லை. என்னைத் தனியாக விட்டுவிட்டும் போகவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். “கல்லீரல்ல கட்டி ப்பா. பரவி இருக்கு. ஆபரேசன் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க. வலி வராம பாத்துக்க மருந்து இருக்கு.”

“எத்தினி நாளு?”

“தெரியலப்பா. டாக்டருக்கும் தெரியல. மாசக்கணக்குன்னு சொல்றாங்க.”

பின்வாசல் வழியாக மரவள்ளிக் கொல்லை தெரியும். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை. எனக்கும் வந்தது. வளர்மதி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர் கொஞ்சம் குடித்தார்.

“நெனச்சேன்” என்றார். “கேட்டா நீங்கள்லாம் அழுவீங்களேன்னு கேக்கல.”

அப்புறம் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப அந்த மரவள்ளிய பொங்கலுக்கு மேல வுட வேணாம். வளரு, மொதல்லயே புடுங்கிடச் சொல்லு” என்றார்.

“சொல்றேம்ப்பா.”

“உங்க சித்தப்பனுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன்.

“அதான் பாவம், வந்தா மூஞ்சியப் பாக்க மாட்டறான். பாத்தா அழுதுடுவோம்னு செவுத்தப் பாத்து பேசறான். எனுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவங்கிட்ட சொல்லிடுங்க. வந்து ஒழுங்கா ஒக்காந்து பேசட்டும்.”

வளர்மதிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பல வருடமாக எல்லோருடைய பயத்துக்கும் தண்ணீர் கொடுத்தவள் அவள். அன்றைக்கு அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

“நீ எப்ப கெளம்பற?” என்று அப்பா என்னைக் கேட்டார்.

ஒவ்வொரு முறையும் அவர் இதைக் கேட்பார். ஒவ்வொரு முறையும் “பாக்கலாம்ப்பா, இன்னும் நாள் இருக்கு” என்று மழுப்பிவிட்டு, கிளம்பும் அன்று காலையில்தான் பெட்டியை எடுப்பேன்.

“வெள்ளிக்கிழமைப்பா.”

அவர் விரலை மடக்கிப் பார்த்தார். பிறகு சிரமப்பட்டு நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டார்.

“மேல வந்து ஒக்காரு. ஒங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒன்னப் பத்தி இன்னா இன்னா பேசினான்னு சொல்றேன். வெள்ளிக்கெழம வரிக்கும் பேசலாம்.”